முதலில் பிரதி, பிறகு தூசு

வாசகர் கேள்வி:

நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. உப்புவெளியில் கடற்கரைக்கு அண்மையில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த பாடசாலை மலர்கள், பழைய ஒளிப்படங்கள், முதியவர்களிடம் கேட்டு எழுதிய தாலாட்டுகள், அவர்கள் பாடிய ஒலிப்பதிவுகள் எல்லாம் 2016இல் வாங்கிய மேசைக் கணினியில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை மகன் வேர்ட்பிரஸில் இணையத்தளமாக அமைத்துத் தந்துவிட்டு வெளிநாடு சென்றுவிட்டார். கணினி இப்போது மிக மெதுவாக இயங்குகிறது. சென்ற மார்கழியில் இரண்டு நாட்கள் திரையே வரவில்லை. பின்பு தானாக வந்தது. இணையத்தளத்தில் ‘புதுப்பிக்கவும்’ என்ற அறிவிப்பு மாதக்கணக்காக நிற்கிறது. அழுத்தப் பயமாக இருக்கிறது. வெளி வன்தட்டு ஒன்று எப்போதும் கணினியில் செருகியபடியே இருக்கிறது, கூகிள் டிரைவும் உண்டு. இது போதாதா? கணினியைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் நான் செய்யவேண்டியது என்ன?

பதில்:

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ‘முன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. திருகோணமலை நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி திருத்தி வருகிறேன். அந்தச் சொல்லோடு என்னிடம் வந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லோரும் ‘பிறகு’ வந்தவர்கள். ஆகவே மெதுவாக இயங்குவது, திரை வராதது, புதுப்பித்தல் ஆகிய மூன்றையும் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, பிரதி எடுப்பதையே முதலில் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சுழன்ற ஒரு வன்தட்டு, சாதாரணப் பாவனையில் இன்னும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கக்கூடும். ஆனால் அதை முழுதாக வைரஸ் சோதனைக்கு உட்படுத்தும்போதோ, விண்டோஸை மீள நிறுவும்போதோ அதற்கு ஏற்படும் சுமையில் அன்றைக்கே நின்றுபோகவும் கூடும். பிரதி கையில் இல்லாத கணினியை நானோ வேறு எவருமோ திறப்பதற்கு நீங்கள் இடங்கொடுக்கவேண்டாம்.

எப்போதும் செருகியபடி இருக்கும் வன்தட்டைப் பிரதி என்று கணக்கிடாதீர்கள். அது அதே வீட்டின் இன்னோர் அறை, வாசல் ஒன்றுதான். மின்சாரம் ஏறி இறங்கினால் இரண்டுக்கும் ஒன்றாகவே அடி விழும், கள்ளன் வந்தால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துப் போவான், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ் நுழைந்தால் தனக்கு எட்டும் தட்டுகள் அனைத்தையும் பூட்டிவிடும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பில் இத்தகைய வைரஸ் புகுந்தபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளக் கிடைக்கவில்லை. இணைப்பிலேயே இருந்த காப்பு அமைப்பும் சேர்ந்து பூட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக்குரிய, இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. அங்கே பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளும் காலங்கடந்த பழைய பதிப்பாக இருந்தது. உங்கள் மேசையில் இருக்கும் ஏற்பாடு அளவில் சிறியது, அமைப்பில் அதுவேதான்.

கூகிள் டிரைவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அரைப் பிரதியாகவே எண்ணுங்கள். கணினியிலுள்ள கோப்புறையோடு ஒத்திசைந்து இயங்கும் சேவை, நீங்கள் இங்கே செய்வதை அங்கேயும் செய்யும். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் கிடந்துவிட்டு முற்றாகப் போய்விடும். ஒரு தாலாட்டுப் பதிவு காணாமற் போனதை நீங்கள் மூன்று மாதங்களுக்குப் பின்பே கவனித்தால், அங்கும் அது இராது. மேலும், இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜிகாபைட். ஸ்கான் செய்த பாடசாலை மலர்களும் ஒலிப்பதிவுகளும் அதற்குள் அடங்கியிருக்க வாய்ப்பில்லை. இடம் நிரம்பிய நாளிலிருந்து புதியவை ஏறுவது நின்றிருக்கும். அதை நீங்கள் கவனித்திருக்கவும் மாட்டீர்கள்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இன்னும் ஒரு வெளி வன்தட்டு வாங்குங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ளதோடு அது இரண்டாகும். ஒன்றில் பிரதி எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். மற்றதில் பிரதி எடுத்து வேறோர் ஊருக்கு அனுப்புங்கள். இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகையான ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்ற இந்த முறையைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற ஒளிப்படக் கலைஞர். படங்களை இழந்துவிடும் பயத்தோடு வாழும் தொழிலிலிருந்து வந்த விதி என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

வேறோர் ஊர் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26க்குப் பின்வந்த வாரங்களில், கடல்நீர் புகுந்த கணினிகளைக் கரையோரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். ஒருவர் தம் கணினியையும் அதன் பிரதி இருந்த வன்தட்டையும் ஒரே சாக்குப் பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டின் மூடியிலும் வெள்ளையாக உப்புப் பொருக்குக் கட்டியிருந்தது. இரண்டும் ஒரே மேசையில் இருந்தவை. இரண்டிலிருந்தும் எதையும் எடுக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தை நீங்களே அறிவீர்கள். கந்தளாயிலோ வவுனியாவிலோ உறவினர் வீட்டு அலுமாரி ஒன்று இதற்குப் போதும்.

வன்தட்டை வைக்கும் முறையையும் சொல்லவேண்டும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருமே, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு, வன்தட்டைத் துணியால் சுற்றி வையுங்கள். டிவிடிகளில் எழுதி வைத்தவை இருந்தால் இப்போதே வன்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அவற்றின் பரப்பில் பூஞ்சணம் பிடிப்பதை அடிக்கடி காண்கிறேன். பென் டிரைவைக் கோப்பு கொண்டுபோகும் பையாக மட்டும் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அதில் எழுதியவை மங்கிப்போகலாம்.

பிரதி எடுத்துவிட்டதாக நினைத்து ஏமாந்தவர்களை நான் மறக்க முடியாது. பல்கலைக்கழக மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்து, கணினியை அழித்து மீள நிறுவச் சொன்னார். நல்லகாலமாக அதைத் திறந்து பார்த்தேன். ஆய்வேட்டின் பெயரில் ஒரு சின்னம் இருந்தது, அதன் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தது, அளவு 2 கிலோபைட். அவர் எடுத்து வந்தது ஆய்வேட்டை அல்ல, ஆய்வேடு இருக்குமிடத்தைக் காட்டும் குறுக்குவழியை. ஆகையால் பிரதி எடுத்ததும் மூலக் கோப்புறையிலும் பிரதிக் கோப்புறையிலும் வலது சொடுக்கி, ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ பகுதியில் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பின்பு, வன்தட்டை வேறொரு கணினியில் செருகி, மிகப் பழைய ஆவணம் ஒன்று, மிகப் பெரிய ஸ்கான் ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று என்று சிலவற்றையேனும் திறந்து பாருங்கள். ஒலிப்பதிவைத் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் கடைசி நிமிடத்திலும் கேளுங்கள். பாதியில் அறுந்த பிரதியும் தொடக்கத்தில் நன்றாகவே பாடும்.

வேறொரு கணினியில் என்று நான் சொன்னதற்கு உங்கள் விடயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. முப்பது ஆண்டுச் சேகரிப்பு என்கிறீர்கள். அப்படியானால் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவையாகவே இருக்கும். உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் அவை தமிழாகத் தெரிகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே தாலாட்டு, ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாகத் தோன்றும். அந்த அரைப்புள்ளிகள்தான் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிகள். கோப்பு பழுதாகவில்லை, அதை வாசிக்கும் திறவுகோல்தான் இல்லை. எனவே பாமினி எழுத்துருக் கோப்பையும், பயன்படுத்திய வேறு எழுத்துருக்கள் இருந்தால் அவற்றையும், பிரதியோடு ஒரே கோப்புறையில் சேர்த்து வையுங்கள். அடுத்ததாக, ஆவணங்களை ஒவ்வொன்றாக, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே உண்டு. மாற்றிய பின் ஆசிரியைக்குரிய கண்ணோடு ஒருமுறை வாசித்து, மூலத்தை அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலர்கள் இருந்தால், அவற்றைத் திறக்கக்கூடிய கணினி கிடைக்கும் இப்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பாடசாலை மலர்களை, உரியவர்களின் அனுமதியோடு, 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கும் வழங்கலாம் என்பது என் வேண்டுகோள். உங்கள் வீட்டில் மட்டும் இருப்பதை விட அங்கும் இருப்பது நல்லது.

இனி இணையத்தளம். ‘அது இணையத்தில்தானே இருக்கிறது, அதற்கு என்ன ஆகும்’ என்று பலர் கேட்கிறார்கள். இணையத்தளம் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள கணினியில் இருப்பதே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. இலட்சக்கணக்கான தளங்கள் ஒரே இரவில் மறைந்தன. சிலருடைய காப்புப்பிரதியும் மூலம் இருந்த அதே வளாகத்திலேயே இருந்ததால், அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனம் எடுக்கும் பிரதி உதவியானதுதான், ஆனால் அது அவர்களுடைய பிரதி. உங்களுடையது உங்கள் கையில் இருக்கவேண்டும்.

வேர்ட்பிரஸ் தளத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. படங்கள், வடிவமைப்பு, தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களான செருகுநிரல்கள் ஆகியன கோப்புகளாக இருக்கும். நீங்கள் எழுதிய கட்டுரைகளும் வாசகர் கருத்துகளும் தரவுத்தளத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் படம் இல்லாத எழுத்தோ எழுத்து இல்லாத படமோதான் மிஞ்சும். ‘டூல்ஸ்’ பகுதியிலுள்ள ஏற்றுமதி வசதியை அழுத்திவிட்டுப் பிரதி எடுத்ததாக நினைப்பவர்கள் உண்டு. அதில் எழுத்து வரும், படங்களின் முகவரி வரும், படங்கள் வாரா. அப்டிராஃப்ட்பிளஸ் என்ற செருகுநிரலின் இலவசப் பதிப்பு இரண்டு பாகங்களையும் எடுக்கும். வாரம் ஒரு முறை தானாக எடுத்துக் கூகிள் டிரைவுக்கு அனுப்பவும் அதை அமைக்கலாம். அது தரும் கோப்புகளை மாதம் ஒரு முறை இறக்கி உங்கள் வன்தட்டிலும் வையுங்கள். தரவுத்தளம், செருகுநிரல்கள், வடிவமைப்பு, பதிவேற்றங்கள், ஏனையவை என்று அவை தனித்தனியாக வரும். படங்கள் நிறைந்த உங்கள் தளத்தில் பதிவேற்றங்கள் என்ற கோப்பே மிகப் பெரியதாக இருக்கவேண்டும். அது சிறியதாக இருந்தால் பிரதி முழுமையாக வரவில்லை.

அந்தப் பிரதியைச் சோதிக்க உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கோப்புகளை மகனுக்கு அனுப்பி, இணையத்தளத்தைச் சொந்தக் கணினியிலேயே இயக்கிப் பார்க்க உதவும் எக்ஸாம்ப் போன்ற உள்ளக வழங்கி ஒன்றை அவருடைய கணினியில் நிறுவி, தளத்தை அங்கே மீள எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். பிரதி உயிருள்ளது என்பதும் உறுதியாகும், கடல் கடந்த நாட்டில் உங்களுக்கு இன்னொரு பிரதியும் இருக்கும். அப்படி எழுப்பும்போது தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் பதறவேண்டாம். தரவுத்தளத்தை ஏற்றும்போது எழுத்துக் குறியாக்கம் தவறாகத் தெரிவாகியிருக்கும். அந்த நிலையில் எதையும் திருத்திச் சேமிக்காமல், யூடிஎஃப்8எம்பி4 என்ற குறியாக்கத்தைத் தெரிந்து, மூலப் பிரதியிலிருந்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். கேள்விக்குறிகளாகச் சேமித்துவிட்டால் அவற்றிலிருந்து தமிழை மீட்கவே முடியாது.

இவ்வளவும் ஆனபின் ‘புதுப்பிக்கவும்’ பொத்தானை அழுத்தலாம், அழுத்தவும் வேண்டும். உங்கள் பயம் நியாயமானது, ஆயினும் அழுத்தாமல் விடுவதே பெரிய ஆபத்து. ஒரு செருகுநிரலின் ஓட்டை அடைக்கப்பட்டுப் புதிய பதிப்பு வெளியாகும்போதே, பழைய பதிப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படிப் பின்தங்கிய தளங்களைத் தேடித் தேடி நுழையும் நிரல்கள் இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தெரிவுசெய்து அழுத்தாதீர்கள். ஒன்றைப் புதுப்பித்து, தளத்தைத் திறந்து இரண்டு மூன்று பக்கங்களைப் பார்த்து, பின்பு அடுத்ததற்குப் போங்கள். பயன்படுத்தாத செருகுநிரல்களை நிறுத்தி வைக்காமல் நீக்கிவிடுங்கள். வடிவமைப்பைப் புதுப்பிக்கும் முன் மட்டும் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அதன் கோப்புகளில் அவர் நேரடியாக ஏதும் மாற்றம் செய்தாரா? செய்திருந்தால் புதுப்பித்தலில் அந்த மாற்றங்கள் அழிந்துபோகும். அவர் முதலில் அவற்றைத் துணை வடிவமைப்பு (சைல்ட் தீம்) ஒன்றுக்கு மாற்றவேண்டும்.

கணினியின் உடல்நலத்துக்கு வருகிறேன். மார்கழியில் திரை வராமல் இருந்து பின்பு தானாக வந்தது என்ற விவரம், கரையோர வீடுகளிலிருந்து ஒவ்வொரு மாரியிலும் எனக்கு வருவது. பெரும்பாலும் காரணம் நினைவகப் பலகை. அதன் பொன்னிறப் பற்களில் உப்பும் ஈரமும் கலந்து மெல்லிய படலமாகப் படிந்து தொடர்பை அறுத்துவிடும். வெயில் வந்து காய்ந்ததும் தொடர்பு திரும்பும். மின்செருகியைக் கழற்றிய பின் பலகையை எடுத்து, ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் நனைத்த பஞ்சற்ற துணியால் அந்தப் பற்களைத் துடைத்து மீளச் செருகினால் சரியாகிவிடும். அழிறப்பரால் தேய்ப்பவர்களும் உண்டு. பொன்முலாம் தேய்வதால் நான் அதை விரும்புவதில்லை. தூசு நீக்குவதை ஆண்டுக்கு இரு முறை செய்யுங்கள்: கச்சான் காற்று ஓய்ந்த பின் ஒரு முறை, மாரி முடிந்த பின் ஒரு முறை. காற்றூதியால் ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும்; கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் அச்சு கெடும். மாரிகாலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் கணினியை இயங்கவிடுங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தைப் போக்கும்.

மெதுவாக இயங்குவதற்கு மருந்து, வேகமாக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் அல்ல. அவற்றை நிறுவவே வேண்டாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி வன்தட்டின் நிலையைக் காட்டும். மஞ்சள் நிற எச்சரிக்கை தெரிந்தால் தட்டின் சில பகுதிகள் ஏற்கெனவே பழுதாகிவிட்டன என்று பொருள். எச்சரிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போடச் சொல்வேன்; 2016ஆம் ஆண்டுக் கணினிக்கு இதைவிடப் பயன்தரும் செலவு வேறில்லை. கழற்றிய பழைய தட்டை வாங்கி, திகதி எழுதி ஒட்டி, ஆறு மாதம் தொடாமல் வைத்திருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11இன் வன்பொருள் நிபந்தனைகளுக்கு உட்படாது. எழுதுவதும் இணையத்தளம் பார்ப்பதுமே உங்கள் வேலை என்பதால், எஸ்எஸ்டி போடும்போதே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம்; பாமினி எழுத்துரு அதிலும் வேலை செய்யும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் போனதைவிட அது திரும்பி வந்த கணத்தில் பழுதான கணினிகளே என்னிடம் அதிகம் வந்தன. மின்சாரம் போனாலும் சிறிது நேரம் மின்கலத்தில் கணினியை ஓட்டும் யூபிஎஸ் ஒன்று அவசியம். அதன் மின்கலத்தை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். பலர் வாங்கியதோடு மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி மாலைகளில் இடி முழங்கத் தொடங்கினால் மின்செருகியோடு இணைய வடத்தையும் கழற்றிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் தளத்தின் முகவரி யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலோடு பதிவாகியிருக்கிறது? மகன் தாம் முன்பு பயன்படுத்திய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், முகவரியின் தவணையைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். தவணை தவறினால் முகவரி கைமாறிவிடலாம். எத்தனை பிரதி இருந்தாலும் அந்த முகவரியைப் பிரதியிலிருந்து மீட்க முடியாது. முகவரி முடிவடையும் திகதி, இடவாடகை முடிவடையும் திகதி, இரண்டுக்குமான பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய இவற்றை இன்றிரவே தொலைபேசியில் கேட்டு ஒரு தாளில் உங்கள் கையால் எழுதி, உறையிலிட்டு, காணி உறுதியோடு வையுங்கள். அதன் பின் வன்தட்டு இரண்டிலும் பிரதி எடுங்கள். எடுத்த பின் கணினியை எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.